காலிப் பாதி

ஹான்காக்கில் மார்ச். சாலையோரப் பனி
இன்னும் ஆளுயரம்.
இர்யா கங்காஸ் வீட்டு நிலவறையில்
முழந்தாளிட்டிருக்கிறேன்.
படியில் நின்று சொல்கிறாள்:
"காலையில் வெந்நீர்க் குழாயைத் திறந்தால்
முகத்தில் அறைகிறது.
மூச்சு விடுவதற்குள் பசுவாகிவிடுகிறது.
என்மேல் என்ன கோபமோ."

அழுத்தமானியை மாட்டினேன். ஐம்பத்தைந்து.
ஹீட்டரடியில் நீலச் சுடர் பற்றியது.
அறுபது.
எண்பது.
நூற்றுப் பத்து.
வீட்டில் ஒரு குழாயும் திறக்கவில்லை.

சூடேறினால் தண்ணீர் கொஞ்சம் பருக்கும்.
அந்தக் கொஞ்சம் முன்பெல்லாம்
வந்த வழியே தெருவுக்குப் போய்விடும்.
இலையுதிர்காலத்தில் நகராட்சி
புது மீட்டரோடு ஒருவழி வால்வும் வைத்துப் போனது.
இப்போது வரத்தான் வழி.

செம்புக் குழாயைத் தடவி
"எங்கள் ஊர்ச் சுரங்கத்துச் செம்பு" என்கிறாள்.
இருக்கலாம். நான் மறுக்கவில்லை.
பாதுகாப்பு வால்வின் கீழே காபி டப்பா;
இரவெல்லாம் சொட்டியது அதில் முக்கால்.

வேனிலிருந்து கலனைக் கொண்டுவந்தேன்,
பூசணிக்காய் அளவு.
நடுவே ரப்பர்ச் சவ்வு:
ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் காற்று.
தட்டிப் பார்த்தாள். கிண்ணென்றது.
"காலியாக இருப்பதற்கா இவ்வளவு காசு?"
"காலிக்குத்தான்" என்றேன்.
பில்லை இரண்டுமுறை படித்தாள்.

மறுபடி சுடர்.
ஐம்பத்தெட்டு. அறுபத்தொன்று.
முள் அங்கேயே நின்றது.
நான் சாவிகளைத் துடைத்துப் பையில் போட்டேன்.
வால்வின் வாயில்
விழ மறந்த ஒரு துளி.

அவள் டப்பாவைக் கையிலெடுத்து
உள்ளே எட்டிப் பார்த்தாள்.
"அப்போ ஜெரேனியத்துக்கு?"