இரண்டு மூச்சுக்கு நடுவே

நவம்பர் கடைசியில் த்ரொம்சோவில்
சூரியன் விடுப்பில் போய்விடும்.
எத்தனை மணிக்குக் குடிக்க ஆரம்பித்தீர்கள் என்று
பிறகு கேட்டார்கள்.
பிற்பகல் மூன்றும் நள்ளிரவும்
ஒரே கறுப்புச் சட்டையைத்தான் போட்டிருந்தன.
எப்படிச் சொல்ல?

விடுதிச் சமையலறையில் ஒன்பது பேர்.
கடைச் சரக்கு மாணவர் பைக்குக் கட்டாது.
ஓய்விந்தின் மாமா படகுக் கொட்டகையில் காய்ச்சியது,
வெள்ளைக் கேனில், தண்ணீர் மாதிரி.
காப்பியில் கலந்தால் வாசனை தெரியாது என்றான்.
தெரிந்தது.

ஹால்வர் மேலுதட்டைத் தூக்கி
ஒரு புகையிலைப் பொட்டலத்தைச் செருகினான்,
முந்தையதைத் துப்ப மறந்து.
பஞ்சு அடைத்தாற்போல் உப்பியது முகம்.
பல் மருத்துவம் படிக்கும் இங்கெபொர்
விரலால் அவன் உதட்டை விலக்கிப் பார்த்து
'ஈறு ஏறிவிட்டது, வேர் தெரிகிறது' என்றாள்.
'வேர் இருக்கிற மரம்தான் நிற்கும்' என்றான் அவன்.
சிரித்தோம்.
சிரித்துக்கொண்டே அவளும்
கோப்பையை நீட்டினாள்.

அவன் பயாத்லான்காரன்.
பனிச்சறுக்குக் கட்டைகளில் மேடேறி வந்து
நெஞ்சு அடித்துக்கொள்ளும்போதே படுத்து
ஐம்பது மீட்டர் தள்ளி
ஐந்து கறுப்பு வட்டங்களைச் சுட வேண்டும்.
போன மார்ச்சில் என்னையும் கூட்டிப்போனான்.
துப்பாக்கியை என் தோளில் பொருத்திச் சொன்னான்:
மூச்சை விடு.
அடுத்ததை இழுக்காதே.
நடுவில் ஓர் இடம் வரும்,
அங்கே உலகம் ஆடாது.
அங்கே சுடு.
நான் ஐந்தையும் தவறவிட்டேன்.

அன்றிரவு
குளியலறைத் தரையில் குறட்டை விட்டான்.
தூங்கட்டும் என்றார்கள்,
காலையில் தலை வலிக்கும், அவ்வளவுதானே.
ஒருவன் படம்கூட எடுத்தான்.
நான் உட்கார்ந்திருந்தேன்.
குறட்டை ஈரமாக இருந்தது,
வடியாத குழாய்போல.
நகங்களைப் பார்த்தேன்,
பனிக்கட்டிக்குள் இருக்கும் நீலம்.

நூற்றுப் பதின்மூன்றில்
வடக்கத்திப் பேச்சில் ஒரு பெண்.
ஒருக்களித்துப் படுக்க வை.
வாயைத் தரைப்பக்கம் திருப்பு.
மூச்சு வரும்போதெல்லாம் எனக்குக் கேட்கச் சொல்.

இப்போது.

இப்போது.

அதன்பின் அந்த இடம் வந்தது.
விட்டாயிற்று, அடுத்ததை இழுக்கவில்லை.
கேன், வாளி, ஈரத் துண்டு, கண்ணாடி,
எதுவும் ஆடவில்லை.
நான் மட்டும் ஆடிக்கொண்டிருந்தேன்.

'சொல்' என்றது தொலைபேசி.
'சொல்லம்மா.'

இப்போது.

ஆம்புலன்ஸ்காரர் பூட்ஸ் பனியோடு மண்டியிட்டார்.
குடித்தது தெரிகிறது,
வேறென்ன போட்டான்?
வாசலில் எட்டுப் பேர்
எட்டுப் பேரும் காலுறைகளைப் பார்த்தார்கள்.
நானும் பார்த்தேன்,
ஓட்டை விழுந்த என் இடது காலுறையை.
பரீட்சைப் பயத்துக்கு மருத்துவர் எனக்கு எழுதிய மாத்திரை.
தூக்கம் வரவில்லை என்று அவன் சொன்னபோது
ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தவள் நான்.
ஒன்றுதானே.
கேள்விக்கும் என் பதிலுக்கும் நடுவே
ஆறேழு வினாடி இருக்கும்.
அவ்வளவு நேரம் அவனும்
மூச்சு விடவில்லை.

பிழைத்தான்.
வாந்தியில் கொஞ்சம் வலது நுரையீரலுக்குள் போய்
பதினெட்டு நாள் காய்ச்சல்.
ஊது, ஊது, இன்னும் ஊது என்று
குழாயை நீட்டிய செவிலி
எண்ணைப் பார்த்து முகத்தை மாற்றிக்கொள்ளவில்லை;
அதிலிருந்தே தெரிந்துகொண்டானாம்.
இந்தப் பருவத்துக்கு அணியில் பெயரில்லை.

ஜனவரியில் சூரியன் திரும்பிய நாள்
நகரமே ஜாம் வைத்த பன்களோடு தெருவில் நின்றது.
மலைத்தோளில் நான்கு நிமிட வெளிச்சம்.
தூரத்தில் அவன்.
கையில் அதே வட்ட டப்பா.
திறந்தானா, மூடினானா,
கண் கூசியதில் பார்க்கவில்லை.

மாமா இன்னொரு கேன் கொடுத்தனுப்பியிருக்கிறார்.
சுவருக்கு அப்பால் யாரோ குறட்டை விடுகிறார்கள்.
நின்றது.
எழுந்து உட்கார்ந்திருக்கிறேன்.