நீர்மேல் எழுத்து

வகுப்பு நூலகத்தின் மாடியில்.
கீழ்த்தளத்தில் சேறு இன்னும் காயவில்லை.
ஜன்னலுக்கு வெளியே போஸ்னா ஆறு
ஒன்றுமே செய்யாததுபோல்
போய்க்கொண்டிருக்கிறது.

செருப்பு ஆலையில் பத்தொன்பது வருடம்
மேல்தோல் தைத்தவள் நான்.
இப்போது தைப்பது பெட்டிகள்:
பெயர்.
தெரு.
வீட்டில் எத்தனை பேர்.
தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது.
கட்டாயம் நிரப்ப வேண்டிய பெட்டிக்குத்
தலையில் ஒரு சிவப்பு நட்சத்திரம்.
முதல் நாள் ஆசையில் எல்லாவற்றுக்கும் வைத்தேன்.
திரை நிறைய வானம்.
ஒருவராலும் அனுப்ப முடியவில்லை.

ரொட்டிக்கடை ஜூர்ஜாவின் பெயர்
இரண்டு இடத்தில் கேள்விக்குறியாக வந்து விழுந்தது.
எங்கள் எழுத்தின் குறுக்குக்கோட்டை
இயந்திரத்துக்குப் படிக்கத் தெரியவில்லை.
அச்சிட்ட தாளை மாவுக்கையோடு நீட்டி
"இது நான்தானா என்று
என்னையே கேட்கிறாயா?" என்றாள்.
சேர்க்க வேண்டியிருந்தது ஒரே ஒரு வரி.
அதைக் கண்டுபிடிக்க மூன்று இரவு,
ஜெஸ்வா ஜெஸ்வாவாகக் காபி.

அக்டோபரில்
ஒரே குளிர்சாதனப் பெட்டி
மூன்று விண்ணப்பங்களில் மிதந்து வந்தது.
அதே நசுங்கல், கதவில் அதே முயல் ஸ்டிக்கர்,
மூன்று வேறு தெருக்கள்.
எல்லாரும் பார்க்கட்டும் என்று
நகராட்சி படங்களைத் திறந்து வைத்திருந்தது.
பார்த்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.
பெட்டியின் சொந்தக்காரி நிஹாதா
கடைசியாக விண்ணப்பித்தாள்;
அவளைத்தான் முதலில் திருடி என்றார்கள்.

அதனால் நீர்க்குறி கற்றேன்.
படத்தின் குறுக்கே சாய்வாக எண்ணும் எழுத்தும்.
அடர்த்தி நூறு என்றால் சுவர்,
பத்து என்றால் கண்ணாடியில் விட்ட மூச்சு.
முப்பத்தைந்தில் நிறுத்தினேன்.

நீர்மேல் எழுதியது நிற்காது என்பார்கள்.
எங்கள் ஊரில் நீரே எழுதியது, நிற்கிறது:
வீட்டுக்கு வீடு, என் தோள் உயரத்தில்,
பழுப்பாக ஒரு கோடு.
சுண்ணாம்பு இரண்டு கை அடித்தும்
உள்ளிருந்து ஊறி வருகிறது.

பேருந்து ஓட்டும் விதோமிர் வந்தார்.
தொப்பியைக் கழற்றவில்லை, உட்காரவில்லை.
அவர் இழந்தது திருமண ஆல்பம்.
ஒட்டிப்போன தாள்களில் பிரிந்து வந்த ஒரே பக்கத்தை
அலைபேசியில் பிடித்து அனுப்பியிருந்தார்.
ஆல்பம் குப்பை லாரியில் போயிற்று.
அலைபேசியும் பிறகு செத்துப்போயிற்று.
இருப்பது என்னிடம் உள்ளது மட்டும்.
அதில் அவர் மனைவியின்
நெற்றியில் தொடங்கித் தாடை வரை
என் எழுத்து:
சேத விண்ணப்பம் 417.

"கொஞ்சம் நகர்த்த முடியுமா?
என் கோட்டின் மேல் போடேன்.
கறுப்புக் கோட்டு, தாங்கும்."

நகர்த்த முடியாது.
மூலத்தின் மேலேயே சேமித்திருந்தேன்.
'நகலில் மட்டும் செய்'
என்று என் குறிப்பேட்டில் இருக்கிறது.
என் கையெழுத்துதான்,
அடிக்கோடுகூட உண்டு.

அவரிடம் நாளை வாருங்கள் என்றேன்.
நாளைக்கு என்ன சொல்வதென்று தெரியாமல்
இரவு முழுக்கக் கோப்புறைகளைத் துழாவினேன்.
ஒன்றேகால் மணிக்கு,
நான் சுத்தம் செய்ய மறந்த ஒரு மூலையில்,
என் படிவம் திருப்பியனுப்பியவை கிடந்தன.
அவர் முதலில் அனுப்பியதை
'அளவு மிகப் பெரிது' என்று
நான் எழுதிய விதியே முகத்தில் அடித்தாற்போல்
மறுத்திருக்கிறது. மறுத்ததால்
எழுத்து படாமல் தப்பியிருக்கிறது.

திறந்தேன்.
ஒரு பக்கம் ஈரம் ஏறி ஊதா பூத்திருந்தது.
அந்தப் பெண் படம் எடுப்பவரைப் பார்க்கவில்லை.
சட்டகத்துக்கு வெளியே யாரையோ பார்த்துச்
சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

அனுப்புவதற்கு முன்
அவர் விண்ணப்பத்தை ஒருமுறை முழுதாகப் படித்தேன்.
'இழந்த பொருளின் மதிப்பு, மார்க்கில்.'
அந்தப் பெட்டி எழுத்தை ஏற்காது,
பூஜ்யத்தையும் ஏற்காது, வெறுமையையும் ஏற்காது.
நான்தான் அப்படிச் செய்தேன்.
அவர் 1 என்று போட்டிருந்தார்.

அந்த நட்சத்திரத்தை எடுத்துவிட்டேன்.