எட்டாத பி

கிளைப்பேடா துறைமுகத்தில்
பனி கண்ணாடியாய் இறுகிக் கிடந்த காலை
வழுக்கி விழுந்தாள் தைவா.
வலது மணிக்கட்டில் ஆறு வாரக் கட்டு.
சரக்குச் சீட்டுகள் காத்திருக்குமா?

மவுஸை இழுப்பறையில் போட்டுவிட்டு
இடக்கையால் தொடங்கினாள்.
இசட், எக்ஸ், சி, வி:
கண்ட்ரோலுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள்,
கூப்பிட்ட குரலுக்கு வந்தார்கள்.
சி மட்டும் ஊமை.
எடுத்துக்கொண்டேன் என்று ஒரு சொல் சொல்லாது;
நம்பாமல் மூன்று முறை அழுத்துவாள்.

அச்சடிக்கத்தான் பி.
அது மறுகோடியில்.
அந்தச் சின்ன மடிக்கணினிக்கு
வலப்பக்கம் கண்ட்ரோலே கிடையாது.
இந்த முனையை அவள் பிடித்துக்கொள்ள
அடுத்த மேசை வீதேனிஸ் எழுந்து வந்து
அந்த முனையில் ஒரு விரல் வைப்பான்.
நாளைக்கு நாற்பது சீட்டு.
நாற்பது தடவை
அவன் கம்பளிச் சட்டையின்
நனைந்த நாய் வாசனை.

கட்டுப் பிரித்த மறுநாள்
ஏதோ யோசனையில்
ஷிஃப்டைத் தட்டிக்கொண்டிருந்தாள்.
ஐந்தாவது தட்டில் திரை கேட்டது:
விசைகளை ஒவ்வொன்றாய் அழுத்தும் வசதி வேண்டுமா?
ஒரு கை போதுமாம்.

"இது உனக்குத் தெரியுமா?"

கணினிப் பிரிவில் பதினோரு வருடம் இருந்தவன்
அச்சுப்பொறியில் தாள் இருக்கிறதா என்று
குனிந்து பார்த்தான்.
நிறைய இருந்தது.