மூன்றாந் தரம், ஒக்டோபர்

வெள்ளிக்குள் மாதத் திட்டம்
அதிபர் மேசைக்குப் போகவேண்டும்.
தமிழ்: ல, ள, ழ வேறுபாடு.
சுற்றாடல்: நமக்கு உதவுவோர்.
கணிதம்: கடன் வாங்கிக் கழித்தல்.

ழகரம் முதல் கிழமையிலேயே கரை ஏறிவிட்டது.
திகிலிவெட்டையிலிருந்து தோணியில் வருகிற நாலு பேர்
சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு
வாசலில் நின்று
'மளை டீச்சர்' என்றார்கள்.
பலகையில் திருத்தினேன்.
காலைத் துடைக்கச் சொன்னேன்.

கணிதம்தான் நகரவில்லை.
ஐம்பத்திரண்டில் இருபத்தேழு.
இரண்டில் ஏழு போகாது.
'போகாட்டி என்ன செய்வம்?'
'பக்கத்து வீட்ட கடன் கேப்பம்!'
முப்பத்தொரு தொண்டை, ஒரே இழுவை.
ஐந்தை வெட்டி நான்காக்கி
இரண்டின் தோளில் சின்னதாய் ஓர் ஒன்றை ஏற்றினேன்.
இருபத்தைந்து வந்தது.
சோக்கட்டியைக் கீழே வைக்கமுன்
கேதுஷா எழும்பினாள்.
'டீச்சர், அந்தப் பத்த எப்ப திருப்பிக் குடுக்கிற?'

பதினெட்டு வருசமாய்ப் போடுகிற கணக்கு.
ஒருவரும் கேட்டதில்லை,
நானும்.
'குடுக்கத் தேவையில்ல புள்ள.'
வகுப்பு என்னை நம்பவில்லை.
பின்வாங்கில் பிரவிந்தன் சொன்னான்:
'குடுக்காட்டி வீட்ட வந்து இருப்பாங்க டீச்சர்.
இருட்டுப்பட்டாலும் எழும்பமாட்டாங்க.'

செவ்வாய்க்கிழமைகளில் என் இடாப்பில் ஓட்டை விழும்.
அன்றைக்குத்தான் லோன் கூட்டம்.
குழுவுக்கு ஐந்து பெண்கள்,
ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேர் தலையில்.
தாய் கிணற்றடியில் குந்தியிருக்க
படலையில் நின்று 'அம்மா இல்ல' என்று சொல்ல
ஒரு பிள்ளை வேண்டும்.
எட்டு வயது போதும்.

நமக்கு உதவுவோரை வரையச் சொன்னேன்.
தபால்காரர், மருத்துவத் தாதி,
ஒரு குப்பை லொறி, சில்லு நாலும் ஒரே பக்கத்தில்.
கேதுஷா வரைந்தது மோட்டார் சைக்கிள்.
ஹெல்மெட் கழற்றாத ஒரு மனிதர்,
கக்கத்தில் ஃபைல்.
இது ஆர்?
'செவ்வாய்க்கிழம மாமா.'
உதவுவாரா?
'முதல்ல உதவினவர்' என்றாள்.
சரியா பிழையா போடாமல்
திகதியை மட்டும் எழுதினேன்.

பிறகு பூச்சியம் வந்தது.
நானூற்று மூன்றில் நூற்றிருபத்தேழு.
பக்கத்து வீட்டிலும் ஒன்றும் இல்லை.
அதற்கு அடுத்த வீட்டுக்குப் போ,
அங்கே வாங்கி இங்கே வை,
இங்கிருந்து எடுத்து அங்கே கொடு.
இதை மட்டும்
ஒருதரம் சொன்னதும் பிடித்துக்கொண்டார்கள்.
சொல்லிக்கொண்டே பலகையில் எழுதிய என் கையில்
காப்பு இருந்த இடம் வெளிறிக் கிடந்தது.
அது வைகாசியிலிருந்து வங்கியில்.

நேற்றுக் கொப்பிகள் திருத்தினேன்.
கேதுஷாவின் கணக்கு எல்லாம் சரி.
கடைசிப் பக்கத்தில் அடிமட்டம் வைத்து
இரண்டு நிரல் கீறியிருக்கிறாள்.
வாங்கினது:
ஐந்திட்ட ஒரு பத்து, எட்டிட்ட ஒரு பத்து,
நாலிட்ட ஒரு நூறு.
அப்படியே கீழே, பென்சில் மழுங்கும்வரை.
குடுத்தது:
அந்த நிரல் வெறுமை.
பக்கத்தின் அடியில், தாயின் பெயரை
தவநேசம் என்று முழுதாக எழுதி
கையெழுத்துக்கு ஒரு கோடு விட்டிருக்கிறாள்.

சிவப்புப் பேனையை மூடிவைத்தேன்.
திட்டத்தில் இன்னும் ஒரு கட்டம் மிச்சம்:
அடைவு மட்டம்.
வெளியே வாவிப் பக்கம் இருட்டிக்கொண்டு வருகிறது.
தோணிப் பிள்ளைகளை நேரத்தோடு விடவேண்டும்.