வாவிக்கரை, இரவு டியூட்டி

பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் தேய்க்கிறேன்.
"குளிருது மிஸ்ஸி" என்கிறார் கிருபைராசா.
இதே சாமானைத்தான் போன கிழமை
சோடா கலந்து குடித்துவிட்டு
கண் மங்கிக் கிடக்கிறார்.

எட்டாம் கட்டிலில் பிலோமினா.
தலையணையடியில் மகன் வைத்துப்போன போன்
பரிசுத்த ஆவியே இறங்கி வாரும் என்கிறது,
சத்தம் குறைத்து.

ஒன்பதில் காத்தான்குடி உம்மா.
"றூஹு தொண்டைக்கு வந்திட்டா?"
மருமகள் சம்சுல் றிபாயா கேட்கிறாள்.
றூஹும் காற்றும் ஒரே வேர் என்று
பஸ்ஸில் ஒரு மௌலவி சொன்னார்.
லத்தீனிலும் மூச்சுத்தான் என்றார்
பக்கத்து சீட் ஃபாதர்.
எனக்குத் தெரிந்த ஆவி
புட்டுக்குழலில் வருவது;
வந்ததும் இறக்கிவிட வேண்டும்.

மூன்று மணிக்குக் கரண்ட் போனது.
மொனிட்டரின் பேட்டரி எப்போதோ செத்தது.
ஜெனரேட்டர் யோசித்துக்கொண்டிருந்தது.
சில்வர் மூடியை உம்மாவின் மூக்கருகே பிடித்து
டோர்ச் அடித்தேன்.
ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை.
பிறகு, சல்லிக்காசளவு ஒரு மங்கல்.
"இருக்கு."
மூடியை வாங்கிப் பார்த்தாள்.
அதற்குள் காய்ந்துவிட்டது.
நம்பவில்லை.
மறுபடி பிடித்தோம்.
மறுபடியும்.

விடியப்புறம் ஜன்னலுக்கு வெளியே
வாவியில் ஆவி எழும்பியது.
இரண்டையும் சொல்லிப் பார்த்தேன்:
முதலாவதுக்குப் பல் உதட்டில் படுகிறது.
மற்றதுக்கு
வாய் திறந்தால் போதும்.

"அந்தப் போத்தலை ஒருக்கா
மணக்கவாவது தாங்க மிஸ்ஸி"
என்கிறார் கிருபைராசா,
நான் நிற்காத பக்கம் பார்த்து.