பாட்டிலில் நாலு மீன்

நனைந்த சாக்பீஸ் சுவரில் எழுதாது.
ஐப்பசி முழுக்க அதைக்
கொண்டைக்குள் செருகிக்கொள்கிறேன்.

பொன்னம்மாப்பேட்டையில் ஒரு சந்து.
வடக்கே சேர்வராயன் மலையைக் காணோம்.
மேகம் அதை எடுத்து ஒளித்துவைத்த நாளில்
மதியச் சோற்றுக்குள் இங்கே மழை வந்துவிடும்.

"ஏனுங்க..." என்று கூப்பிடுவேன்.
"கொசுக்காரம்மா வந்திருக்குது" என்று
உள்ளே போய்ச் சேரும் என் பெயர்.
டார்ச் அடித்துப் பிறர் வீட்டுத் தண்ணீருக்குள்
எட்டிப் பார்ப்பது என் சம்பளம்.
ஃபிரிட்ஜின் முதுகில் ஒரு தட்டு இருப்பது
முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது.
தேங்காய்த் தொட்டி போதும் அதற்கு.
முட்டை ஓட்டில்கூடக் குடித்தனம் நடத்தும்.
பகல் கொசு வேறு,
பிள்ளைகள் முழங்கால் தெரிய விளையாடும் நேரம் பார்த்து வரும்.

கோகிலவாணி வீட்டில் ஆறு டிரம்.
கொலுசுக்குப் பொடிவைத்து ஊதிக்கொண்டிருந்தவள்
வாயிலிருந்து குழலை எடுக்காமல் கையைக் காட்டினாள்.
மூன்றாவது டிரம்மில் வெளிச்சம் விழுந்ததும்
எழுத்தை விட்டு ஓடிவந்த கொம்புகள்போல
நெளிந்து நெளிந்து அடியில் இறங்கின.

"கொட்டணுங்க" என்றேன்.
"பத்து நாளைக்கு ஒருக்கா வருது மேட்டூர்த் தண்ணி.
தாராளமாக் கொட்டுங்க.
நாளைக்கு நீங்களே வந்து ஊத்துங்க."

எங்களுக்குத் தந்த நோட்டீசில்
இதற்குப் பதில் அச்சாகவில்லை.
நானும் வீட்டில் டிரம் வைத்திருப்பவள்தான்.
அவள் பழைய துப்பட்டாவை நாலாக மடித்து
குடம் குடமாக வடித்தோம்.
காலி டிரம்மின் உட்சுவரைத் தேங்காய் நாரால் தேய்த்தோம்.
முட்டை அங்கேதான் ஒட்டியிருக்கும்.
காய்ந்தாலும் சாகாது,
அடுத்த தண்ணீர் வரும்வரை
கடன்காரனைப்போல உட்கார்ந்திருக்கும்.

கட்டிலடியிலிருந்து வந்தான் தரணீஷ்.
யுகேஜி. சளிக்காக லீவு.
கையில் காலி இருமல் மருந்து பாட்டில்.
"ஆண்ட்டி, என் மீனு. நாலு.
ஒண்ணு நேத்து பெருசாச்சு. தல மட்டும்."

தலை பெருத்தது கூட்டுப்புழு.
விடிந்தால் இறக்கை.
மூச்சுவிடட்டும் என்று மூடியைக் கழற்றி வைத்திருந்தான்.

காலையிலிருந்து இருபத்திரண்டு வீட்டில் கொட்டியாயிற்று.
இவன் பெயர் வைத்திருந்தான்.
ஒன்றின் பெயர் சிங்கப்பூர்.

போன வருஷம் இதே சந்தில்
ஸ்கூல் பை மட்டும் ஆணியில் தொங்கிய வீட்டில்
சுவரில் தேதி எழுதாமல் திரும்பினேன்.

"இது மீனில்லடா."
"பின்ன?"
"காய்ச்சல். குட்டியா இருக்குது."

பாட்டிலைக் கண்ணோடு ஒட்டி வைத்து
நெடுநேரம் பார்த்தான்.
"காய்ச்சல் நீச்சலடிக்குமா?"

ஊதுகுழல் நின்றது.

அவனேதான் கொட்டினான்,
பட்டறைச் சாம்பல் குவியலில்.
சிங்கப்பூரைக் கடைசியில்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலையில்லை.
டிபன் பாக்ஸில் இரண்டு கம்பூசியா மீன் கொண்டுபோய்
பின்பக்கத்துச் சிமெண்ட் தொட்டியில் விட்டோம்.
இது என்ன திங்கும் என்று கேட்டான்.
சொன்னேன்.
தொட்டி விளிம்பில் நாடியை வைத்துக்கொண்டான்.
பாவமா, சரிதானா,
அந்த முகம் இன்னும் முடிவு பண்ணவில்லை.

இரவு, வீட்டில்
தூங்கும் மகள் கழுத்தில் புறங்கை வைத்தேன்.
"சில்லுனு இருக்குதும்மா" என்று புரண்டு படுத்தாள்.
நல்லது.

மழை விட்டுவிட்டது.
மொட்டைமாடியில் மட்டும் ஏதோ ஒன்றில்
சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டே இருக்கிறது.
டார்ச் எங்கே வைத்தேன்?