எட்டணா வளைவு

லிட்டில்டன் ரோட்டுக்குப் பெயர் மாறி
நாற்பது வருஷமாகிறது.
கண்டக்டர் வாயில் இன்னும் அதுதான், தேய்ந்துபோய்:
"லில்ட்டா, லில்ட்டா எறங்கு."

கயிறு பிடித்த மாதிரி வந்த சாலை
ஆவின் பூத் தாண்டியதும் இடுப்பை ஒடிக்கும்.
நிற்கிறவர்கள் எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்து
முன்பின் தெரியாத தோளிடம் மன்னிப்புக் கேட்போம்.

நேராக்க முடியுமா, பதினைந்து நாளில் அறிக்கை, என்றார்கள்.
மழைநீர் வடிகால் பிரிவில் நான் உதவிப் பொறியாளர்.
எழும்பூர் ஆவணக் காப்பகத்தில்
தும்மிக்கொண்டே மூன்று நாள்.

தாது வருஷம் கழிந்த கோடை.
ஏரியைத் தூர்த்துச் சாலை.
வெட்டிவேர்த் தட்டி, துரை கூடாரத்துக்கு.
பருத்திக்கொட்டை, உருளை இழுக்கும் எருதுகளுக்கு,
வேளைக்கு இவ்வளவு என்று அணா பைசாவோடு.
கூலிகளின் கஞ்சிக்கு "ஏறத்தாழ".
பிள்ளைகளை எண்ணவில்லை,
அவர்கள் சுமந்த கூடைகளை எண்ணியிருக்கிறார்கள்.

நம் ஆள் பெயர் ஒன்றே ஒன்று, அபராதப் பக்கத்தில்:
மதகு காவல் அருஞ்சுனை.
ராத்திரியில் அளவு முளைகளைப் பிடுங்கிப்
பதினெட்டு அடி தள்ளி நட்டதற்கு
எட்டணா.
மறுபடியும், எட்டணா.
மூன்றாம் முறையும்.
அப்புறம் எதுவுமில்லை.
அவன் செத்தானோ, துரை சலித்தாரோ,
ஊட்டிக்குத்தான் ஏறிப்போனாரோ,
அடுத்த வரைபடத்தில் சாலை வளைந்திருக்கிறது.
காரணம் என்ற கட்டத்தில்: "நிலத்தின் இயல்பு".

ஏன் நகர்த்தினான் என்று கோப்பு கேட்கவில்லை.
ஏரியே போனபின் மதகை வைத்து என்ன செய்வான்?
வீம்பா, வேலை போகிற பயமா,
தெரியாது. அவனை வீரனாக்கவும் எனக்கு மனசில்லை.

ஐப்பசித் தண்ணீர் மட்டும்
வருஷா வருஷம் முதலில் ஏறுவது
வளைவின் உட்பக்கம், அடகுக்கடைப் படி.
மணல் மூட்டையை எங்கே போடுவதென்று
கடைக்காரர் யாரையும் கேட்பதில்லை.

போன வாரம் குழி எடுத்தோம்.
தார், அதன் கீழே தார், சரளை, சிப்பிச் சுண்ணாம்பு.
ஒன்பதாவது அடியில் கடப்பாறை ணங்கென்றது.
செதுக்கிய கருங்கல், நடுவில் வட்டத் துளை.
ஒப்பந்தத் தொழிலாளி டில்லிராணி
முழங்கைவரை கையை விட்டுப் பார்த்தாள்.
"ஈரமா கீது மேடம்."
சித்திரை மாசம்.

செலவு எழுதிவிட்டேன். காலம் எழுதிவிட்டேன்.
பரிந்துரை: நேராக்க வேண்டாம்.
காரணம் என்ற இடத்தில்
துரையின் இரண்டு சொற்களையே எழுதி, அடித்து,
காலியாக விட்டிருக்கிறேன்.

இன்று சாயங்காலம் அந்த இடம் வந்ததும்
எதையும் பிடிக்காமல் நின்று பார்த்தேன்.
"கம்பியப் புடிம்மா" என்றார்
பக்கத்தில் நின்றவர்,
நான் அவர் காலை மிதித்த பிறகு.